இரத்மலானையிலிருந்து பலாலிக்கு சி-130 சரக்கு விமானத்தில்: ஒரு பயணிக்கு எப்படி?

கொழும்பிலிருந்து வடக்கே யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகும் விமானப்படைச் சரக்கு விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறது, ஏறலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில்: தயங்காமல் ஏறுங்கள். காதுக்கு அடைப்பான், காலுக்கு மூடிய சப்பாத்து, வயிற்றில் அளவான சாப்பாடு. இந்த மூன்றும் சரியாக இருந்தால், இவ்வளவு உற்சாகமான ஒரு மணித்தியாலம் பயணிகள் விமானம் எதிலும் கிடைக்காது. இவற்றில் காது விடயம் பிழைத்தால் மட்டும் அந்த ஒரு மணித்தியாலம் தண்டனையாகிவிடும்.

இது டிக்கெட் எடுத்துப் போகும் சேவை அல்ல. நிவாரணப் பணி, ஊடகப் பணி, அரச அலுவல் போன்ற காரணங்களுக்காகத்தான் சிவிலியன்களுக்கு இடம் கிடைக்கும். பெயர்ப்பட்டியலில் உள்ள பெயரும் தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதும் பழக்கத்தால் வாசலிலேயே மறிபட வாய்ப்பு உண்டு. புறப்படும் தளம் இரத்மலானையா கட்டுநாயக்காவா என்பதையும் முதல்நாளே கேட்டு உறுதிசெய்யுங்கள், இரண்டுக்கும் இடையில் கொழும்பு நகரம் முழுவதும் கிடக்கிறது. இரத்மலானை என்றால் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் 100, 101 பஸ்களே போதும்.

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம். சி-130 ஹேர்குலிஸ் முதன்முதலில் பறந்தது 1954 ஆகஸ்டில். இலங்கை விமானப்படை வாங்கியவை பிரித்தானிய விமானப்படையில் 1960களிலிருந்து பறந்த சி-130கே ரகம். இறக்கையின் கீழ் நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4,500 குதிரைவலு. உள்ளே சரக்கறை 12 மீற்றர் நீளம், 3 மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம், 2.7 மீற்றர் உயரம். முழுக்க ஆட்களை ஏற்றினால் 92 படையினர் இருக்கலாம். அப்படி நிரம்பிய விமானத்தில் எதிரே இருப்பவரின் முழங்கால் உங்கள் முழங்காலில் முட்டும். பாதி சரக்கு, பாதி ஆட்கள் என்று போகும் பயணம்தான் பயணிக்கு நல்லது.

ஏறுவது பின்புற ராம்ப் (கீழே இறங்கும் சரிவுக் கதவு) வழியாக. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏற்றினால் சூடான காற்று முகத்தில் அறையும், தொப்பி, சால்வை, துப்பட்டா எல்லாம் பறக்கும். பறக்கும் துணி எஞ்சினுக்குள் போனால் அது விபத்து. ஆகவே சேலை வேண்டாம், தொங்கும் துணி எதுவும் வேண்டாம். லோட்மாஸ்டர் (ஏற்றும் சரக்கையும் ஆட்களையும் கவனிக்கும் விமானப் பணியாளர்) காட்டும் பாதையை விட்டு ஓரடி கூட விலகக் கூடாது. சுழலும் புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. உள்ளே தரையில் பலட் (சரக்கு அடுக்கும் தட்டு) தள்ளும் உருளைகள் வரிசையாக இருக்கும். செருப்போடு அதில் கால் வைத்தால் கணுக்கால் பிரண்டுவிடும். அந்தப் பலட் ஒவ்வொன்றும் 108 அங்குலத்துக்கு 88 அங்குலம், வலையும் பட்டியும் போட்டு இறுக்கியிருப்பார்கள். வலையைக் கையால் பிடித்து நிற்காதீர்கள்.

ஏறி இருந்ததும் வெக்கை. தரையில் நிற்கும்போது குளிரூட்டல் பலவீனம், கொழும்பின் ஈரக் காற்றும் உள்ளே வந்து நிற்கும். எஞ்சின் வேகம் ஏறியதும் மேலேயுள்ள துவாரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை கொட்டும். புதியவர்கள் நெருப்பு என்று பதறுவது இந்த இடத்தில்தான். அது குளிர்ந்த காற்றில் ஒடுங்கி மூடுபனிபோல் தெரியும் நீராவி, சில நிமிடங்களில் மறையும். மேலே போனதும் நிலைமை தலைகீழ்: தலைக்குச் சூடு, காலுக்குக் குளிர். மெல்லிய பருத்திச் சட்டைக்கு மேல் போடக்கூடிய ஒரு ஜக்கெட்டும் தடித்த காலுறையும் போதும்.

இருக்கை என்பது அலுமினியக் குழாயில் கட்டிய சிவப்பு நைலோன் பட்டித் துணி. சுவரோடு சாய்ந்து, பக்கவாட்டில் பார்த்தபடி இருக்க வேண்டும். முன்புறக் குழாய் தொடையின் கீழ் அழுத்தும். அரை மணித்தியாலத்தில் கால் விறைக்கும். மடித்த ஜக்கெட்டைத் தொடைக்குக் கீழ் வைத்தால் அது பெருமளவு தீரும். பொக்கெட்டில் உள்ள கைத்தொலைபேசி துணிக்கும் சுவருக்கும் இடையில் நழுவிப் போகும். ஏறுமுன்னரே சிப் வைத்த பொக்கெட்டில் போட்டுவிடுங்கள்.

எங்கே இருப்பது என்பதில்தான் அனுபவத்தின் பாதி தங்கியிருக்கிறது. புரொப்பெல்லர்கள் சுழலும் தளம் சரக்கறையின் முன்பகுதிக்கு நேராக வருகிறது. அங்கேதான் இரைச்சல் உச்சம். வாலை அண்டி இருந்தால் சத்தம் குறையும், ஆனால் காற்றுக் குழப்பத்தில் வால் அதிகம் ஆடும், சத்தி வரக்கூடியவர்களுக்கு அது ஆகாது. திரைச்சீலை மட்டும் போட்ட கழிப்பிடமும் ராம்ப் பக்கத்தில்தான். நடுவில், இரண்டு பக்கமும் சக்கரக்கூடு உள்ளே புடைத்து நிற்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பதே சிறந்த இடம். தெரிவு உங்களுடையது அல்ல என்றாலும், லோட்மாஸ்டரிடம் ஏறும்போதே மரியாதையாகக் கேட்டால் பாரம் அனுமதிக்கும் அளவுக்கு ஒழுங்கு செய்வார்.

இரைச்சலைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். இந்த எஞ்சினில் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,020 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடும். ஒவ்வொரு புரொப்பெல்லருக்கும் நான்கு அலகு (தகடு) என்பதால் செக்கனுக்கு 68 தடவை காற்று உடலில் அடிக்கிறது. காதை அடைத்தாலும் நெஞ்சில் தெரியும் அந்த முழக்கம் அதுதான். சரக்கறையில் ஒலி 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் தாங்கும் காதுக்கு 100 டெசிபலில் 15 நிமிடம்தான் பாதுகாப்பு எல்லை. பஞ்சு உருட்டி வைப்பதால் பயனில்லை. ஃபோம் அடைப்பானை விரலால் மெல்லிய குச்சிபோல உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, 30 செக்கன் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தெரிந்தால் சரியாக வைக்கவில்லை. பெரும்பாலானோர் இந்தப் பிடித்திருக்கும் நேரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். அடைப்பான் உள்ளே விரிந்து இறுகுமுன் வெளியே நழுவுவது அதனால். எஞ்சின் தொடங்குமுன்னரே போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு பேச்சு கேட்காது, எல்லாம் கைச்சைகைதான். ஆகவே இடுப்புப் பட்டியைப் பூட்டவும் கழற்றவும் அமைதி இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

புறப்பாடு பக்கவாட்டில் வருகிறது. நாற்காலியின் முதுகு உங்களைத் தாங்காது. முழு உடலும் வால் பக்கம் சரியும், பக்கத்திலிருப்பவரின் தோள்தான் தடுப்பு. ஓடுபாதையை விட்டு எழும் கணத்தில் தரை சரிந்து, எதிர்வரிசை ஆட்கள் எல்லோரும் ஒரே திசையில் சாயும் அந்தக் காட்சிக்காகவே இந்த விமானத்தில் ஏறலாம். சாளரங்கள் சிறியவை, மிகக் குறைவு, தலைக்குப் பின்னால் இருக்கும். வில்பத்துக் காட்டையோ யாழ் கடனீரேரியையோ பார்க்கும் ஆசையில் ஏறினால் ஏமாற்றம்தான். கழுத்தைத் திருப்பி வைத்திருந்தால் தலைசுற்றலும் வரும். எதிர்ச்சுவரில் அசையாத ஒரு புள்ளியைப் பார்த்தபடி இருங்கள்.

நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். ரயிலில் ஆறேழு மணித்தியாலம் எடுக்கும் தூரம் இங்கே ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிறது. 2006 ஆகஸ்டில், போரினால், யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ-9 வீதி மூடப்பட்ட காலத்தில் குடாநாட்டு மக்களுக்கு வானும் கடலும் மட்டுமே வழியாக இருந்தன என்பதை மறக்காதவர்களுக்கு இந்தப் பாதையின் அருமை தெரியும். நாம் அன்று கட்டாயத்துக்காகப் பறந்த பாதையை இன்று ஆர்வத்தோடு பறப்பவர்கள் அதை அறிந்து பறப்பது நல்லது.

பொதிகளுக்கு மென்மையான பை நல்லது, சில்லுப் பெட்டி வலைக்குள் ஒழுங்காகப் படியாது. பவர் பாங்க் கையோடு இருக்க வேண்டும். லைற்றர், எரிவாயு, ஸ்பிரே எதுவும் கூடாது. வடக்கிலிருந்து திரும்பும்போது நல்லெண்ணெய், ஊறுகாய் போத்தல் கொண்டுவருவோர், உயரத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியால் கசியும் என்பதை நினைத்து, மூடியில் டேப் சுற்றி, இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள்.

தரையிறக்கம் இன்னொரு உச்சம். சக்கரம் தொட்டதும் புரொப்பெல்லர் அலகுகளின் கோணம் திரும்பி, உந்துவிசை எதிர்த்திசையில் பாயும். முழக்கம் திடீரென்று கூடி, இம்முறை உடல் மூக்குப் பக்கம் சரியும். அது பழுதின் அறிகுறி அல்ல. இறங்கத் தொடங்கியதும் ஒரு டொபியை வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தால் காதடைப்பு குறையும். தடிமன் பிடித்திருந்தால் அன்று பறக்கவே வேண்டாம்.

ஒப்பிட்டால், இதே வேலையைச் செய்த அன்டனோவ் ஆன்-32 இரண்டு எஞ்சின்தான், அவை இறக்கைக்கு மேலே உயர்ந்து நிற்கும். உள்ளே இடம் சிறிது, 6.7 தொன் வரைதான் பாரம் தூக்கும். காட்சி வேண்டுமென்றால் சிறிய வை-12 விமானம் சிறந்தது, ஆனால் அதன் உள்ளே காற்றழுத்தச் சீராக்கம் கிடையாது, தாழப் பறக்கும், காற்று உலுக்கும். உடல் முழுவதும் ஒரு பெரிய இயந்திரத்தின் வேலையை உணர வேண்டுமென்றால் சி-130தான்.

கைக்குழந்தை, அண்மையில் காதில் சத்திரசிகிச்சை செய்தவர், முழங்கால் மடக்கச் சிரமப்படும் முதியவர் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். மற்றவர்களுக்கு ஐந்துக்கு நான்கு. குறையும் ஒரு புள்ளி கழிப்பிடத்துக்காக. இறங்கிய பிறகு காதில் ரீங்காரம் சில மணித்தியாலம் இருக்கலாம். மறுநாளும் தொடர்ந்தால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.