படகு ட்ரெய்லர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 3,850 டாலர் போச்சு

இன்று காலைதான் புது ட்ரெய்லரைப் படகோடு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன். வயிறு எரிகிறது. 3,850 டாலர்!

சிட்னி மேற்குப் பக்கத்தில், படகை அளந்து அதற்கேற்ற ட்ரெய்லரைப் புதிதாகப் பொருத்திக் கொடுக்கிற கடை அது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் வேண்டாம். படகு நாலரை மீட்டர் அலுமினியம், 60 குதிரைசக்தி எஞ்சின். சிட்னியில் இதே அளவுப் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இருப்பதால்தான் எழுதுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் பட்டியலும் தருகிறேன்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் பொருத்துகிற ஆள் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டேப் பிடித்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்: படகு 310 கிலோ, எஞ்சின் 112, ட்ரெய்லர் 260, மொத்தம் 682. "750-க்குள் வருகிறது, பிரேக் தேவையில்லை, செலவு மிச்சம்" என்றார். இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவர் தப்பாகச் செய்வாரா என்று முழுப் பணத்தையும் அன்றைக்கே கட்டியாயிற்று.

அந்தக் கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது. 310 என்பது கம்பெனித் தாளில் போட்டிருக்கும் வெறும் கூட்டின் எடை. 50 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 37 கிலோ. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, உயிர்காப்பு உடைகள், ஐஸ் பெட்டி எதுவும் அதில் சேரவில்லை. எல்லாம் ஏற்றி நிறுத்தினால் 810 கிலோ. ட்ரெய்லரின் தகட்டில் ஏடிஎம் 750 என்று அடித்திருக்கிறது. ஏடிஎம் என்பது சுமையோடு ட்ரெய்லரின் மொத்த எடைக்கான உச்ச வரம்பு. ஜிடிஎம் என்பது காரில் மாட்டியபின் ட்ரெய்லர் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடை. அது 750-ஐத் தாண்டினால் ஆஸ்திரேலியாவில் பிரேக் கட்டாயம். இங்கே காரின் கொக்கியில் விழுவது 22 கிலோ, சக்கரத்தில் 788. அதாவது சாலையில் ஓட்டவே கூடாத வண்டியை விற்றிருக்கிறார்கள்.

கொக்கியில் 22 கிலோ என்பது தனி ஆபத்து. மொத்த எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி அங்கே விழ வேண்டும். குறைந்தால் 80 கிலோமீட்டர் வேகத்திலேயே ட்ரெய்லர் வாலை ஆட்டும். காரணம் கீழே குனிந்து பார்த்தாலே தெரிகிறது. ட்ரெய்லரின் சட்டகமே (ஃபிரேம்) நாலு மீட்டர் படகுக்கானது. ஸ்கிட் பலகைகள் (படகின் அடிப்பாகம் உட்காரும் பலகைகள்) பின்பலகைக்கு, அதாவது படகின் பின்முனைத் தகட்டுக்கு, 25 சென்டிமீட்டர் முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. எஞ்சின் தொங்குவது பின்பலகையில். அதற்கு நேர் அடியில் தாங்கல் இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடித்தகடு வளையும். நாளடைவில் அங்கே கொக்கி மாதிரி வளைவு விழுந்து, ஓட்டத்தில் அணியம் (படகின் முன்முனை) கீழே குத்தும். படகை ட்ரெய்லர்மேல் இழுக்கும் வின்ச் இருக்கிற கம்பத்தை முன்னால் நகர்த்திப் படகை இழுத்தால் இரண்டு குறையும் தீரும். தளர்த்தி நகர்த்தும்படி யூ-போல்ட்டில் இருக்க வேண்டிய கம்பத்தை வெல்டு வைத்துவிட்டார்கள். அச்சைப் பின்னால் தள்ளினால் கொக்கி எடை கூடும், ஆனால் பின்பலகை அப்போதும் அந்தரத்தில்தான்.

ஸ்கிட் கம்பளத்தின் ஓரத்தை உரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை நிறத்தில் மருந்தேற்றிய பைன் பலகை. அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊறிய கம்பளத்துக்குள் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிக்கும். அலுமினியப் படகுக்கு பிளாஸ்டிக் ஸ்கிட்தான் போட வேண்டும். இது அவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன்.

போர்ட் பாட்டனி ராம்ப்பில் (படகு இறக்கும் சாய்தளம்) இறக்கியது இரண்டே தடவை. அதற்குள் ஒரு சக்கரத்தின் ஹப் (பேரிங் இருக்கும் நடுக்குடம்) கை வைக்க முடியாத சூடு. திறந்தால் கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருக்கிறது, தண்ணீர் புகுந்த அடையாளம். கிரீஸை மூடிக்குள் மட்டும் அப்பியிருக்கிறார்கள், பேரிங் உருளைகளுக்கு நடுவே ஏறவே இல்லை. நட்டையும் அளவுக்கு மீறி இறுக்கி விட்டிருக்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கி ஸ்பிளிட் பின் போடுவதுதான் முறை. சூடான ஹப் குளிர்ந்த கடலில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பின் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் ராம்ப்பில் முதலில் ஹப் ஆறும்வரை நிற்க வேண்டும், விளக்கு பிளக்கையும் அப்போதே கழற்றிவிடலாம்.

முதல் தடவை போன் செய்தபோது "பார்த்துச் சொல்கிறேன்" என்றார்கள். அடுத்த தடவை, பொருத்தியவர் லீவு. படங்கள் அனுப்பினால் "இதெல்லாம் சகஜம்" என்று ஒரே வரி. நேரில் போய்க் கேட்டதற்கு வந்த பதில்தான் தாங்கவில்லை: "உப்புத் தண்ணீரில் இறக்கிவிட்டீர்கள், வாரண்ட்டி கிடையாது." படகு ட்ரெய்லரை வேறு எங்கே இறக்குவது? 3,850 டாலர் வாங்கும்போது இதை ஏன் சொல்லவில்லை?

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்குப் பொருள் உதவ வேண்டும். கடையின் வாரண்ட்டிச் சீட்டு அந்த உரிமையைப் பறிக்க முடியாது. நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் மாநில அரசு அமைப்பான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார் போட்டாயிற்று.

பட்டியல் தருவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: தகட்டில் உள்ள ஏடிஎம்மை நீங்களே படியுங்கள். பெட்ரோலும் சாமானும் ஏற்றி, எடைமேடைச் சீட்டு வந்தபின் மீதிப் பணம் கொடுங்கள். ஸ்கிட் பின்பலகை வரை வருகிறதா, வின்ச் கம்பம் நகருமா என்று பாருங்கள். கடலில் இறக்கலாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.