அந்த மூன்று ஓசி 44-உம் ஓசி 44 இல்லை

கிடார் பெடலை, அதாவது கிடாரின் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டியை, சொந்தமாகச் செய்கிறவர்கள் கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். "பழைய சரக்கு, ஒவ்வொன்றாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்" என்று போட்டு விற்கும் ஒருவரிடம் ஓசி 44 என்ற பழைய வகையில் மூன்று வாங்கினேன். மூன்றும் போலி. ஏமாந்ததுகூடப் பரவாயில்லை. இரண்டு மாதம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், அதுதான் இன்னும் ஆறவில்லை.

செய்ய நினைத்தது ஒரு டிரெபிள் பூஸ்டர், கிடாரின் கீச்சுப் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும் பெடல். 1960-களின் நடுவில் டல்லாஸ் நிறுவனம் விற்ற ரேஞ்ச்மாஸ்டரின் சர்க்யூட். ஐரிஷ் கிடார் கலைஞர் ரோரி கேலகர் வாசித்த அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு நெடுநாள் ஆசை. சர்க்யூட் என்று பார்த்தால் சுண்டைக்காய் அளவுதான்: ஒரு டிரான்சிஸ்டர், மூன்று ரெசிஸ்டர், நான்கு கெப்பாசிட்டர், வால்யூமுக்கு 10 கிலோ ஓம் பாட் (திருகு) ஒன்று. முதல் முறையாகச் சால்டரிங் இரும்பைப் பிடிக்கிறவர்கூட ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு டிரான்சிஸ்டர்தான் பெடலே. மற்றதெல்லாம் அதற்குத் துணைக்கு நிற்பவை.

அதனால்தான் விலையைப் பார்க்காமல் வாங்கினேன். மற்ற எல்லாப் பாகங்களையும் சேர்த்தாலும் அந்த மூன்று டிரான்சிஸ்டர்களின் விலையில் பாதி வராது. வந்த பொட்டலம் பார்க்க அழகாக இருந்தது. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உறை, ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய சீட்டு. கெயின் (எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) 85, லீக்கேஜ் (தானாக ஒழுகும் மின்சாரம்) 120 மைக்ரோஆம்பியர். மூன்று சீட்டிலும் அதே 85, அதே 120. அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள்கூட ஒன்றுபோல இருக்காது. எனக்கோ, 'எவ்வளவு பொறுமையாகத் தேடிப் பொருத்தியிருக்கிறார் மனிதர்' என்று தோன்றியது.

போர்டில் ஏற்றி, பேட்டரி மாட்டி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். சத்தம் வந்தது, பிரச்சினையே அதுதான். சுத்தமாக வராமல் போயிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். வந்த சத்தம் மெலிந்து, தகரத்தில் ஆணி கீறுவது போல இருந்தது. கிடாரின் வால்யூமைக் குறைத்தால் சத்தம் அழகாகத் தெளிய வேண்டும். இதில் உயிர் போனதுதான் மிச்சம். டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால்கள். கலெக்டரில் அளந்தேன், மைனஸ் 7.6 வோல்ட். மைனஸ் 7 பக்கத்தில் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். கொஞ்சம்தானே வித்தியாசம், பேட்டரி புதிது அல்லவா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு கெப்பாசிட்டரை மாற்றினேன். பாட்டை மாற்றினேன். போர்டையே தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து இன்னொன்று செய்தேன். சத்தம் மட்டும் மாறவில்லை.

விற்றவருக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது, அன்பாகவும் வந்தது. "தம்பி, ஜெர்மானியம் சூடு தாங்காது. உங்க அயர்ன் அதைச் சுட்டிருக்கும். மூன்று செகண்டுக்கு மேல் வைத்தீர்களா?" வைத்தேனா? யாருக்கு நினைவிருக்கிறது? காலில் முதலைக் கிளிப் மாட்டி, சூடு மேலே ஏறாமல்தான் ஈயம் வைத்தேன். ஆனால் ஜெர்மானியம் சூட்டுக்குப் பயந்தது என்பது உண்மைதானே. உண்மையோடு கலந்து சொன்ன பொய் என்பதால் நம்பிவிட்டேன். "இரண்டாவதையும் போட்டுப் பாருங்கள், பார்த்து வையுங்கள்" என்றார். போட்டேன். அதே சத்தம். "தம்பி, உங்களுக்குக் கை இன்னும் பழகவில்லை. பெடலை அனுப்புங்கள், நானே சரி பண்ணித் தருகிறேன்."

அனுப்பினேன். பழுது பார்க்கும் கூலி, போக வரத் தபால் செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான்.

ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால், நான் வைத்திருந்த, காலால் மிதிக்கும் ஒன்பது முனைச் சுவிட்ச் இல்லை. அதன் இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று, அழுத்தினால் 'டப்' என்று ஆம்பே அதிர்ந்தது. டிரான்சிஸ்டர் அதே கறுப்பு டிரான்சிஸ்டர்தான். நான் கேட்காமலே பேட்டரி கிளிப்பைக் கழற்றிவிட்டு அடாப்டர் ஜாக் ஒன்று வைத்திருந்தார். "இனிமேல் பேட்டரிச் செலவு இல்லை, என் அன்பளிப்பு" என்று ஒரு துண்டுச் சீட்டு வேறு.

அந்த அன்பளிப்பு என்ன செய்தது என்று சொல்கிறேன். ஓசி 44 பிஎன்பி வகை. அதற்கான பழைய சர்க்யூட்டில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் கிரவுண்ட், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான இணைப்பு. இப்போது கடையில் கிடைக்கும் பெடல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நெகட்டிவ்தான் கிரவுண்ட். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து இரண்டு வகைக்கும் மின்சாரம் கொடுத்தால், பெடல்களை இணைக்கும் கேபிளின் உறைக்கம்பி வழியாக அடாப்டரின் பாசிட்டிவும் நெகட்டிவும் நேராக முட்டிக்கொள்ளும். சுத்தமான ஷார்ட். இது தெரியாமல் என் மற்ற மூன்று பெடல்களோடு இதையும் சேர்த்து மாட்டினேன். கருகின வாடைதான் முதலில் வந்தது. அடாப்டர் போய்விட்டது. மற்ற பெடல்கள் தப்பித்தது என் அதிர்ஷ்டம். பேட்டரி மட்டும் போடும் பெட்டியாக இருந்தவரை இந்த ஆபத்தே இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று சொல்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரியாது என்றால் அது இன்னும் மோசம்.

அன்றிரவு பழைய ரேடியோ பழுதுபார்க்கும் நண்பர் ஒருவருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்துப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. சோதித்த பொருள் என்று சீட்டே இருக்கும்போது நான் ஏன் சோதிக்கிறேன்?

பெட்டியிலிருந்து பயன்படுத்தாத மூன்றாவதை எடுத்தேன். சிவப்பு முனை எமிட்டரில், கறுப்பு முனை பேஸில். 0.68 வோல்ட். ஜெர்மானியம் என்றால் 0.2, 0.3 அளவில் நிற்க வேண்டும். 0.6-ஐத் தாண்டினால் சிலிக்கான், இன்றைக்கு எங்கும் கிடைக்கும் வகை. கால்களை மாற்றிப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன், கலெக்டர் பக்கமும் பார்த்தேன். 0.68, 0.67. மற்ற இரண்டையும் போர்டுகளிலிருந்து கழற்றினேன். அவையும் அப்படியே.

அப்புறம் நண்பர் சொன்ன அடுத்த சோதனை. 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவில் எமிட்டர். கலெக்டரிலிருந்து 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக நெகட்டிவுக்கு. பேஸை எதிலும் தொடாமல் விட்டுவிட்டு, அந்த ரெசிஸ்டரின் இரு முனையில் அளக்க வேண்டும். அங்கே வருவதுதான் லீக்கேஜ். சீட்டில் எழுதிய 120 மைக்ரோஆம்பியர் உண்மை என்றால் 0.3 வோல்ட் அளவில் காட்டியிருக்க வேண்டும். மீட்டரில் 0.00. பிறகு பேஸிலிருந்து நெகட்டிவுக்கு ஒரு 2.2 மெகா ஓம் வைத்தால் சுமார் 4 மைக்ரோஆம்பியர் உள்ளே போகும். அப்போது ஏறும் வோல்ட்டை நூறால் பெருக்கினால் கெயின் ஏறத்தாழக் கிடைத்துவிடும். எனக்கு 2.9 ஏறியது. கெயின் 290. சீட்டில் 85!

மல்டிமீட்டரில் கெயினை அளக்கவே இருக்கும் எச்எஃப்இ துளையில் டிரான்சிஸ்டரைச் செருகிப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஜெர்மானியத்துக்குப் போதாது. அந்தத் துளை லீக்கேஜையும் கெயினோடு கூட்டிக் காட்டிவிடும். ஒழுகுகிற மட்டமான டிரான்சிஸ்டர் அதில் ராஜா மாதிரித் தெரியும். இதை வைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

பேஸைத் திறந்து விட்டபடியே டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னார் நண்பர். ஜெர்மானியத்தின் லீக்கேஜ் பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும், விரல் சூடே அதற்குப் போதும். ஒரு நிமிடம் பிடித்திருந்தேன். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

கடைசியாகப் பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேலே தேய்த்தேன். 'ஓசி 44' என்ற வெள்ளை எழுத்து இரண்டே தேய்ப்பில் பஞ்சுக்கு வந்துவிட்டது. அதன் கீழிருந்த கறுப்புப் பெயின்ட்டும் குழைந்து குழைந்து வந்தது. உள்ளே பளபளவென்று உலோகம். உண்மையான ஓசி 44 கண்ணாடிக் கூடு. வெளிச்சம் பட்டால் டிரான்சிஸ்டரின் போக்கே மாறும் என்பதால்தான் அதற்குக் கறுப்புப் பூச்சு. உலோகக் கூட்டுக்கு எதற்குக் கறுப்பு? விளிம்பைத் தடவினால் சொரசொரவென்று இருந்தது. எமிட்டரைக் காட்டும் சின்ன நாக்கு ஒன்று அந்த வகை உலோகக் கூட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை அரத்தால் ராவி எடுத்திருக்கிறார்கள். உடம்பில் 'பிசி' (BC) என்ற இரண்டு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அதன் பின்னால் இருந்த எண்களையும் ராவிவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு எழுத்தே காட்டிக்கொடுத்துவிட்டது. ஐரோப்பியப் பெயரிடும் முறையில் முதல் எழுத்து 'ஏ' (A) என்றால் ஜெர்மானியம், 'பி' (B) என்றால் சிலிக்கான்.

சிலிக்கான் மட்டம் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் இருக்கும் நல்ல பெடல்களில் பாதி சிலிக்கான்தான். சில்லறைக் காசுக்கு எங்கும் கிடைக்கும் ஒன்றை ராவி, பெயின்ட் அடித்து, பொய்ச் சீட்டும் எழுதி விற்றதுதான் அயோக்கியத்தனம்.

அசிட்டோன் பஞ்சு, மீட்டர், சீட்டு மூன்றையும் ஒன்றாகப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "தம்பி, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டீர்களே, இனி திருப்பி எடுக்க முடியாது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. என் சுவிட்சையும் திருப்பி அனுப்பவில்லை.

வாங்குகிறவர்கள் ஈயம் வைப்பதற்கு முன்பே மேலே சொன்ன டயோடு சோதனையைச் செய்துவிடுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. சாக்கெட் வைத்து அதில் டிரான்சிஸ்டரைச் செருகினால் சூட்டைப் பற்றி யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க முடியாது. மீட்டரோடு சேர்த்துப் படம் கேட்டு, விற்கிறவர் தயங்கினால் வாங்காதீர்கள்.

ரேடியோ நண்பர் தன் டப்பாவிலிருந்து ஓசி 71 என்ற இன்னொரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொடுத்தார். அந்தச் சர்க்யூட்டுக்கு அதுவும் பொருந்தும். டயோடில் 0.21. விரலால் பிடித்தவுடன் லீக்கேஜ் எண் மெல்ல ஏற ஆரம்பித்தது, விட்டதும் இறங்கியது. இருவரும் சின்னப் பிள்ளைகள் போல மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாக்கெட்டில் செருகினேன், கலெக்டரில் மைனஸ் 6.9. பழைய பேட்டரி கிளிப்பைத் திரும்ப வைத்துவிட்டேன்.

நேற்று அந்த விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே உறை, அதே கையெழுத்து, கெயின் 85. "கடைசி நான்கு மட்டும்" என்று போட்டிருக்கிறது. நான் வாங்கியபோதும் கடைசி நான்குதான் இருந்தது.