பாவித்த விண்டர் டயர் வாங்கப் போகிறவர்கள் கவனம்: 640 டொலர் போனது

640 டொலர். நாலு பாவித்த விண்டர் டயர், இரும்பு ரிம்மோடு, அங்கேயே பூட்டியும் தருவோம் என்று விளம்பரம். "இரண்டே இரண்டு சீசன் ஓடினது, 80 வீதம் ட்ரெட் (பள்ளத்தின் ஆழம்) இருக்கு, காற்றமுக்கச் சென்சரும் உள்ளே இருக்கு." வாகனம் கொரோலா, அளவு 205/55 ஆர் 16. இன்றைக்கு வேறொரு கராஜில் நாலையும் கழட்டி மெஷினில் ஏற்றிப் பார்த்தபோதுதான் அந்த 640 டொலருக்கு விற்றது என்ன என்று முழுதாகத் தெரிந்தது. கோபம் ஆறும்வரை பொறுத்து எழுதலாம்தான். ஆனால் இந்தக் கிழமையும் அங்கே வரிசை நிற்கிறது.

கடை எது என்று எழுதவில்லை. ரொறன்ரோ ஸ்காபரோவில் பாவித்த டயர் விற்கிற சின்னக் கராஜ் என்ற அளவோடு விடுகிறேன். இந்த வேலை ஒரு கடையில் மட்டும் நடப்பதுமில்லை. முதல் ஸ்னோ விழுந்த மறுநாள் இந்த வியாபாரத்துக்குத் தீபாவளி. அன்றைக்கு யாரும் குனிந்து டயரின் உட்பக்கத்தைப் பார்ப்பதில்லை என்று விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்கள். கடைக்காரர் தானாகவே கரடிப் படம் உள்ள ஒரு 2 டொலர் குத்தியை எடுத்து முன் டயரின் பள்ளத்துக்குள் விட்டார். "பாருங்கோ அண்ணை, கரடியின்ர பாதம் மறையுது." கனடாவில் எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான், பாதம் மறைந்தால் டயர் கிட்டத்தட்டப் புதிது. பிறகு பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் பனிச்செதிலும் உள்ள விண்டர் டயர் அடையாளத்தைக் காட்டினார். அதுவும் உண்மையாகவே இருந்தது. முற்றத்தில் குவிந்து கிடந்த பனிக்குள் விட்டு எடுக்கச் சொன்னார். சில்லு சுற்றாமல் இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. "தமிழ் ஆக்களுக்கு நாங்கள் பிழையான சாமான் குடுக்கிறேல்லை" என்று ஒரு வசனம் வேறு. 640 டொலர் அந்த இடத்திலேயே இ-ட்ரான்ஸ்பரில் போனது. போனது கடையின் பெயருக்கு அல்ல, யாரோ ஒருவருடைய சொந்த மின்னஞ்சலுக்கு.

காட்டியவை எல்லாம் முன் டயரில் காட்டியவை. கொரோலா முன்சில்லு இழுக்கிற வாகனம். பனிக்குள் இருந்து வெளியே இழுப்பதும் முன் டயர்தான், பிறேக்கின் பெரும்பகுதியைத் தாங்குவதும் முன் டயர்தான். நல்ல சோடியை முன்னுக்குப் பூட்டிவிட்டால் முற்றத்தில் ஓட்டிப் பார்க்கிறவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. அது தெரியவருவது நெடுஞ்சாலையின் இறங்குபாதையில், வளைவுக்குள் வேகமிதியில் இருந்து காலை எடுக்கும்போது. முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பக்கவாட்டில் சறுக்கி வாகனத்தையே திருப்பிவிடும். இரண்டு விண்டர் டயர் மட்டும் பூட்டாதீர்கள், பூட்டினால் நாலும் பூட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான். இந்த 640 டொலரில் நடந்ததும் அதுவேதான்: நாலு என்று சொல்லி இரண்டு விற்றார்கள்.

முன்னுக்கு இருந்தவற்றில், பக்கச் சுவரில் பொறித்திருக்கும் டி.ஓ.டி இலக்கத்தின் கடைசி நாலு எண் 3522. அதாவது 2022ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. பின்னுக்கு இருந்த இரண்டிலும் 1113. 2013 மார்ச்! ட்ரெட் ஆழம் முன்னுக்கு 7.5 மி.மீ, பின்னுக்கு 6 மி.மீ. குத்தியைப் பின் டயரில் விட்டிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் காட்டியிருக்கும். ஆழம் பொய் சொல்லவில்லை. ரப்பர்தான் செத்துப்போயிருந்தது.

விண்டர் டயரின் வேலையைச் செய்வது பள்ளத்தின் ஆழம் மட்டுமல்ல. குளிரிலும் வளைகிற ரப்பரும், அதில் கத்தியால் கீறியதுபோல் இருக்கிற நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகளும் சேர்ந்துதான் பிடிப்பைத் தருகின்றன. அந்த வெட்டுகள் திறந்து மூடினால்தான் பனியைக் கவ்வும், ஐஸின் மேலுள்ள தண்ணீர்ப் படலத்தை விலக்கும். ரப்பர் இறுகினால் வெட்டு திறக்காது. ஓடாமல் கிடந்தாலும் இறுகும். காற்றும் வெயிலும் கோடைச் சூடும் போதும். தகரக் கொட்டகையில் பல கோடை கிடந்த டயர் பள்ளம் குறையாமலே கல்லாகிவிடும். கடினத்தை அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அறை வெப்பத்தில் புதிய விண்டர் டயர் ஷோர் ஏ என்ற ரப்பர் கடின அளவில் 50ஐ ஒட்டி நிற்கும். முன்னுக்கு இருந்தவை 56 காட்டின, பின்னுக்கு இருந்தவை 71. அது எல்லாக் காலத்துக்கும் போடுகிற ஓல் சீசன் டயரை விடவும் இறுக்கம். கடையில் எல்லாவற்றுக்கும் கறுப்பு மினுக்கு அடித்திருந்தார்கள். அதைத் துடைத்த பிறகு பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன.

மூன்று சிகர அடையாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது புதிய டயருக்கு, இறுகப் படிந்த பனியில் இழுவையைச் சோதித்துக் கொடுப்பது. அந்தச் சோதனையில் ஐஸும் இல்லை, பிறேக்கும் இல்லை. பழைய டயரில் அந்த அடையாளம் இருப்பது, முதியவரிடம் பள்ளிக்கூட ஓட்டப்போட்டிச் சான்றிதழ் இருப்பதுபோல. வெறும் எம்+எஸ் (சேறும் பனியும்) எழுத்து மட்டும் இருந்தால் அதுவும் இல்லை. பனிச் சோதனை எதுவும் செய்யாமலே போடக்கூடியது அது.

இனித்தான் உண்மையில் கொதித்தது. முழு டி.ஓ.டி இலக்கம், தேதியோடு, டயரின் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். மற்றப் பக்கத்தில் பாதி இலக்கம்தான் இருக்கும், தேதி இருக்காது. பின்னுக்கு இருந்தவை ஒரே மொடல், சுழலும் திசைக்கு அம்புக்குறி உள்ளவை. அப்படிப்பட்ட டயரை அம்புப்படி பூட்டினால் ஒரு பக்கச் சில்லில் தேதி வெளியே வரும், மற்றப் பக்கச் சில்லில் உள்ளே போகும். இங்கே இரண்டிலும் தேதி உள்ளே இருந்தது. எப்படி? வலப்பக்க டயரை அம்புக்கு எதிராக, மறுவளமாக ரிம்மில் ஏற்றியிருந்தார்கள். கவனக்குறைவு என்று சொல்லவே முடியாது. தேதியை மறைக்க வேண்டும் என்றே மெஷினில் போட்டுத் திருப்பிய வேலை இது. திசை மாறினால் பள்ளம் தண்ணீரையும் சேற்றுப் பனியையும் வெளியே தள்ளாது, நடுவுக்கு இழுக்கும்.

ரிம் இன்னொரு கதை. 5 நட், அவை நிற்கிற வட்டம் 100 மி.மீ என்றார்கள், அது சரி. ஆனால் அவை சுபாருவில் இருந்து கழட்டியவை. சுபாரு ரிம்மின் நடு ஓட்டை 56.1 மி.மீ, கொரோலாவில் ரிம் அமர்கிற நடுப்பகுதி (ஹப்) 54.1. அந்த 2 மி.மீ இடைவெளியோடு காற்றுத் துப்பாக்கியால் ஒவ்வொரு நட்டாக இறுக்கினால் ரிம் மையம் விலகியே உட்காரும். 90க்கு மேலே ஸ்டியரிங் உதறும். பாலன்ஸ் மெஷினில் போட்டால் எல்லாம் சரி என்று காட்டும், ஏனென்றால் மெஷின் ரிம்மை அதன் சொந்த ஓட்டையில்தான் மையப்படுத்துகிறது. 56.1இலிருந்து 54.1க்கு இடைவளையம் ஒன்று போட்டிருந்தால் முடிகிற வேலை. மலிவான சாமான், அதைக்கூடப் போடவில்லை.

நட்டோ, அலாய் ரிம்மில் இருந்த அதே வாசர் நட். பல டொயோட்டா அலாய் ரிம்களுக்கு வருகிற தட்டை வாசர் நட் இரும்பு ரிம்மின் சரிவான குழிக்குள் சரியாக அமராது, அதற்குக் கூம்பு நட் வேண்டும். கழட்டும்போது இரண்டு நட் கையாலேயே சுற்றின. இது 640 டொலர் விவகாரம் இல்லை, 401 நெடுஞ்சாலையில் சில்லு கழன்று போகிற விவகாரம். சென்சர்? நாலு ரிம்மிலும் ஒன்றுகூட இல்லை.

இனிச் சாட்டுகள். முதலில் உதறலைச் சொன்னதும், "விண்டர் டயர் என்றால் அப்படித்தான், கொஞ்சம் ஓடினால் சரிவரும்." பிறகு, "உங்கட சஸ்பென்ஷனைப் பாருங்கோ." சென்சர் விளக்கு எரிகிறது என்றால், "குளிருக்கு எல்லாருக்கும் எரியும்." இதில் பாதி உண்மை இருக்கிறது. குளிர் இறங்க இறங்கக் காற்றமுக்கம் குறைந்து விளக்கு எரியும்தான். 5, 6 பாகை குறைய ஒரு பி.எஸ்.ஐ போகும். ஆனால் சென்சரே இல்லாத ரிம்மில் எத்தனை பி.எஸ்.ஐ அடித்தாலும் அது அணையாது. தேதியின் படத்தை அனுப்பியதும் தொனி மாறியது. "தேதி ஒன்றும் இல்லை, ட்ரெட்தான் முக்கியம்." "முதலாளி இல்லை, இந்த ரஷ் முடியட்டும், பிறகு வாங்கோ." கடைசியில், "பாவித்த சாமானுக்கு ரிட்டர்ன் இல்லை எண்டு சுவரில எழுதியிருக்கு." அதற்குப் பிறகு தொலைபேசி எடுபடவில்லை. பற்றுச்சீட்டு கேட்டபோதெல்லாம் "அனுப்பிவிடுறன்" என்ற பதில்தான் வந்தது. சீட்டு இல்லாததால் காப்புறுதிக் கழிவும் கைக்கு வரவில்லை. ஒன்ராறியோவில் 2016 ஜனவரி முதல் விண்டர் டயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டாயம் கழிவு கொடுக்க வேண்டும். ஆனால் நாலு டயருக்கும் அத்தாட்சி கேட்பார்கள்.

அப்படியென்றால் விண்டர் டயரே வேண்டாமா என்று கேட்காதீர்கள். வேண்டும். ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே கோடை டயர் இறுகத் தொடங்கிவிடும், ஓல் சீசனும் கடும் குளிரில் அதே வழிதான். நாலு சில்லும் இழுக்கிற வாகனம் என்ற வீறாப்பு புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. கியூபெக்கில் பதிந்த வாகனங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படியே கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லாததால்தான் "சும்மா ஒரு செட் போடுவம்" என்று மலிவைத் தேடுகிறோம். செலவும் பார்க்கிற அளவுக்கு இல்லை. ஒரு செட் ஓடும்போது மற்றது தேயாமல் கிடக்கிறது. தனி ரிம் இருந்தால் ஒவ்வொரு முறையும் டயரைக் கழட்டி ஏற்றுகிற கூலியும் மிச்சம். 205/55 ஆர் 16 போடுகிற பல வாகனங்களுக்கு 195/65 ஆர் 15 பொருந்தும்; விட்டம் ஏறத்தாழ ஒன்றே, டயரும் மலிவு. பிறேக் கலிப்பர் இடிக்காதா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும். அந்த 640 டொலரோடு கொஞ்சம் சேர்த்திருந்தால் அந்த அளவில் புதிய செட்டே வந்திருக்கும்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். இப்போதைக்கு இவ்வளவுதான். பூட்டுவதற்கு முன்னம், டயர் நிலத்தில் கிடக்கும்போதே நாலின் இரண்டு பக்கத்தையும் பார்த்து, நாலு தேதியையும் படம் எடுங்கள். காட்ட மாட்டோம் என்றால் திரும்பி வாருங்கள். நகத்தால் ட்ரெட் கட்டையை அழுத்துங்கள், நாலிலும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். 4 மி.மீக்குக் கீழே தேய்ந்த விண்டர் டயர் பனிக்கு உதவாது, இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பக்கச் சுவரில் ஒட்டுப் போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். ரிம் எந்த வாகனத்தில் இருந்து வந்தது, நடு ஓட்டை எத்தனை மி.மீ என்று கேளுங்கள். நட் கூம்பா தட்டையா என்று கண்ணால் பாருங்கள். காசை இ-ட்ரான்ஸ்பரில் அனுப்பாதீர்கள், கடன் அட்டையில் கட்டுங்கள்; டயரின் பெயர், அளவு, தேதி எழுதிய சீட்டைக் கையில் வாங்கிய பிறகு கட்டுங்கள்.

ஏற்கெனவே மாட்டுப்பட்டவர்கள் குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். பொய் சொல்லி விற்ற வியாபாரியிடம் ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வருடம் இருக்கிறது, எழுத்தில் அறிவிப்பதே நல்லது. "இரண்டு சீசன்" என்ற விளம்பரமும் 1113 என்ற படமும் ஒன்றாக இருந்தால் போதும். இங்கே அந்தக் கடிதம் போய்விட்டது, 640 டொலர் இன்னும் வரவில்லை.

அந்தக் கராஜில் இந்த மாதம் பூட்டியவர்கள் யாராவது இதை வாசித்தால், இன்றைக்கே இறுக்கத்தை அளக்கிற டோர்க் ரெஞ்ச் வைத்து நட்டைப் பாருங்கள். கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீற்றர்.