கருங்கல்லில் ஃபைபர் இணையம்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு, வளைகுடா நாடுகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வகுப்பு தொடங்குவது நம்ம ஊர் நேரத்துக்கு இரவு ஏழரை மணிக்கு. ஷார்ஜாவில் அப்போது மாலை ஆறு. என் குடும்ப வருமானமே இந்த இணைப்பை நம்பித்தான் இருக்கிறது. அதனால் இணையம் எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே திணறுகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையெல்லாம் வருடக்கணக்கில் கவனித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் சிக்கல் பல கம்பெனிகளுக்கும் பொதுவானது, ஒரு பெயரோடு அது முடிந்துவிடக்கூடாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் வந்தது எங்கள் ஊருக்குப் பெரிய மாற்றம். செம்புக் கம்பி இருந்த காலத்தில் சித்திரை, ஐப்பசி இடிமின்னலுக்கு மோடம் கருகிப்போவது சாதாரணம். வானம் கறுத்தாலே ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது என்பதால் அந்தப் பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்லோடும் டவுன்லோடும் ஒரே வேகம் என்பதால் நான் பலகையில் எழுதுவது பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ரெண்டு மழையும் அடிக்கிற மாவட்டம் இது. தென்னை ஓலை விழுந்தோ ரோடு வேலையிலோ கேபிள் அறுவதுண்டு. ஆனால் லைன் பார்க்கிற தம்பி போனில் கேட்கிற முதல் கேள்வி, "லாஸ் லைட் சிவப்பா எரியுதா டீச்சர்?" என்பதுதான். சிக்னல் வராவிட்டால் எரிகிற விளக்கு அது. ஆமாம் என்றால் அன்றைக்கே பைக்கில் வந்து, போஸ்ட்டில் ஏறி, இழையை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். ஆட்களின் உழைப்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில். லைட் எல்லாம் பச்சையாக எரியும், ஸ்பீடு டெஸ்ட் 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 96, 97 காட்டும், யூடியூப் 4கே-யில் தடங்கல் இல்லாமல் ஓடும். அதே நிமிடத்தில் என் வகுப்பில் குரல் வெட்டி வெட்டிப் போகும். "மிஸ், கேக்கல" என்று பிள்ளைகள் சாட்டில் எழுதுவார்கள். கஸ்டமர் கேரில் சொன்னால், "ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க மேடம், ஃபுல் ஸ்பீடு வருதே" என்பார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, எனக்குக் கேட்காமல் போனதும் பொய்யில்லை.

ஸ்பீடு டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பெரும்பாலும் கம்பெனியின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். யூடியூபும் அப்படித்தான். கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் இணைய கம்பெனிகளின் கட்டிடத்திலேயே தங்கள் கேஷ் சர்வர்களை, அதாவது வீடியோக்களின் பிரதியை வைத்திருக்கும் கணினிகளை, வைத்துவிடுகின்றன. நாம் பார்க்கும் வீடியோ பக்கத்து ஊரிலிருந்து வருகிற மாதிரி வந்துவிடும். நான் பயன்படுத்துகிற வகுப்புத் தளத்துக்கு அந்த வசதி கிடையாது. அதன் தரவு மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போய் வர வேண்டும். அதற்குக் கம்பெனி வெளியிலிருந்து பணம் கொடுத்து பேண்ட்வித், அதாவது தரவு போகிற கொள்ளளவு, வாங்குகிறது. எவ்வளவு வாங்குகிறது, எத்தனை வீட்டுக்குப் பங்கு வைக்கிறது என்பது நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. பேச்சிப்பாறை அணையில் ஷட்டரைத் திறந்துவிட்டாலும் கடைவரம்புக்குத் தண்ணீர் வந்து சேருமா என்பது நடுவில் இருக்கிற கால்வாயைப் பொறுத்தது. இரவு எட்டு மணிக்கு என் வகுப்பு அந்தக் கடைவரம்பு வயல்.

வேண்டுமென்றே யாராவது என் தளத்தை மட்டும் மெதுவாக்குகிறார்களா என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. அதைச் சோதிக்க வெஹே என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. ஒரு வீடியோ சேவையின் பதிவுசெய்த ட்ராஃபிக்கை அப்படியே ஒருமுறை ஓட்டும். பிறகு அதே அளவை, உள்ளே இருப்பது என்னவென்று நெட்வொர்க்கால் அடையாளம் காண முடியாதபடி மாற்றி இன்னொருமுறை ஓட்டும். முதலாவது மட்டும் மெதுவாக வந்தால் யாரோ பிரித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். என் இணைப்பில் பலமுறை ஓட்டியும் வித்தியாசம் வரவில்லை. தரவை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போட்டால் மட்டும் சில இரவுகளில் வகுப்பு சரியாக ஓடியது. உடனே "பார்த்தீர்களா, தடை செய்கிறார்கள்" என்று பலர் சொல்வார்கள். விபிஎன் வேறு பாதையில் போவதாலும் வேகம் கூடலாம், அது மட்டும் ஆதாரம் ஆகாது. தரவு எந்தெந்தப் படிகளைத் தாண்டிப் போகிறது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தாமதம் என்று காட்டும் டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காலையில் நான்காவது, ஐந்தாவது படிகளில் சீராக இருக்கும் தாமதம், இரவில் அதே இடத்தில் பல மடங்கு ஏறுகிறது. அந்தப் படியைத் தாண்டுகிற எல்லாமே திணறுகிறது. ஆகவே இது குறிவைத்த தடை கிடையாது, வெளியே போகிற குழாயை ஒல்லியாக வைத்திருப்பதன் விளைவு.

நெட் நியூட்ராலிட்டி, அதாவது எல்லாத் தளங்களையும் இணைய கம்பெனி சமமாக நடத்த வேண்டும் என்ற கொள்கை, அதைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தைத் தவறவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். நம் நாட்டுச் சட்டம் பலவீனமானதல்ல. 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்க் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக்கூடாது என்று டிராய் உத்தரவிட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் நின்றுபோனது இதனால்தான். அடுத்த பெரிய பரிந்துரை, அதாவது எதையும் தடுக்கக்கூடாது, வேகத்தைக் குறைக்கக்கூடாது, தனிச் சலுகை தரக்கூடாது என்பது, வந்த தேதி 2017 நவம்பர் 28. அதற்கு இரண்டே நாளில் ஒக்கி புயல் அடித்தது. கம்பங்கள் சாய்ந்து, ரப்பரும் வாழையும் வீழ்ந்து, கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று ஊரே கரையில் காத்துக்கிடந்த நேரத்தில் இந்தச் செய்தியை இங்கே யார் படித்திருப்பார்கள்? 2018 ஜூலையில் மத்திய அரசு அதை ஏற்று, பிறகு லைசென்ஸ் நிபந்தனையாகவே சேர்த்தது.

இந்தச் சட்டத்தின் அருமை என் அம்மாவுக்குத் தெரியும். அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறான். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வாய்ஸ் நோட் போகும், கால் மட்டும் போகாது. அங்கே தடை. போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற செயலியில்தான் பேச வேண்டும். கொரோனா காலத்தில் ஜூம், டீம்ஸ் போன்றவற்றை அனுமதித்ததால் என் வகுப்புகள் நடக்கின்றன. அம்மா போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மக்களே, ஒனக்க மொகம் தெரியலியே" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லும்போது, எந்தச் செயலியில் பேசுவது என்பதைக் கம்பெனியும் அரசும் முடிவு செய்தால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது கண்முன்னே தெரிகிறது. வளைகுடாவில் ஆள் இருக்கிற குடும்பங்கள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கேஷ் சர்வர்கள் நம் நாட்டு நெட் நியூட்ராலிட்டி விதிகளுக்கு வெளியே விடப்பட்டிருக்கின்றன. அதில் நியாயமும் உண்டு. பக்கத்திலேயே பிரதி வைத்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அதை வைக்கப் பணமும் ட்ராஃபிக்கும் உள்ள பெரிய நிறுவனங்கள் எப்போதும் வேகமாக இருக்கும், இல்லாத சிறிய தளங்கள் வெளிக்குழாயில் நெருக்கியடித்து வர வேண்டும். யாரும் சட்டத்தை மீறாமலே பாகுபாடு வந்துவிடுகிறது. ஐபிடிவி விஷயத்திலும் இதேதான். அதே ஃபைபரில் வரும் டிவி சேனல்கள் இரவு எட்டு மணிக்கும் அசையாமல் ஓடுகின்றன, அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட சிறப்புச் சேவைகளால் பொது இணையத்தின் தரம் குறையக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. குறைகிறதா என்று அளந்து பார்க்க என்னைப் போன்ற வாடிக்கையாளருக்கு வழி எங்கே?

அளவுகோல் இல்லாமலும் இல்லை. டிராயின் 2006 தர விதிகளிலேயே, உச்ச நேரத்தில் கம்பெனியின் உள் இணைப்புகளும் வெளிநாட்டுக்குப் போகும் இணைப்புகளும் 80 சதவீதத்துக்குள் பயன்பாட்டில் இருக்க வேண்டும், 90 தாண்டினால் அது நெரிசல் என்று இருந்தது. 2009இல், ஒரே அளவு பேண்ட்வித்தை அதிகபட்சம் 50 வீட்டு இணைப்புகளுக்குப் பங்கிடலாம் என்று வழிகாட்டினார்கள். ஆனால் வேகம் என்று வாடிக்கையாளருக்கு உறுதி தந்ததை அளந்தது கம்பெனியின் நோடிலிருந்து, அதாவது அவர்களின் உள்ளூர் இணைப்பு மையத்திலிருந்து, வீடு வரைக்கும்தான். நான் மாதாமாதம் பணம் கட்டுவது நாகர்கோவில் நோடோடு பேசிக்கொண்டிருக்க அல்லவே. வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பும் இரவு எட்டிலிருந்து பத்துவரை எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை ஊர்வாரியாக, மாதாமாதம் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு அவர்களின் திரையில் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் புகார் கொடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கஸ்டமர் கேரில் டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கினேன். "தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது, எதுவும் தீரவில்லை. தனித்தனியாக ஒவ்வொருவர் புகாரையும் டிராய் எடுத்துக்கொள்ளாது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அங்கே காலை, இரவு டிரேஸ்ரூட் படங்களைத் தேதி, நேரத்தோடு அனுப்பினேன். பிறகு ஒரு இன்ஜினியர் நேரடியாகக் கூப்பிட்டு, சாயங்காலத்தில் அந்த இணைப்பு நிறைந்துவிடுகிறது என்று ஒத்துக்கொண்டார். எழுத்தில் மட்டும் தர முடியாது என்றார். கொஞ்ச நாளில் கொள்ளளவைக் கூட்டினார்கள், வகுப்பு தெளிவாக ஓடியது. புது இணைப்புகள் கூடக் கூட மறுபடி பழைய நிலைமை எட்டிப் பார்த்தது, மறுபடி எழுதினேன். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதுவரை எனக்கு அந்த அளவுக்குப் போக வேண்டிய தேவை வரவில்லை.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இப்போது இன்னொன்றையும் கேட்கின்றன. அதிக ட்ராஃபிக் அனுப்பும் தளங்கள் தங்களுக்குப் பணம் தர வேண்டுமாம். நான் ஏற்கெனவே பணம் கட்டி வரவழைக்கிற தரவுக்கு அனுப்புகிறவரிடமும் வசூல். தென்கொரியாவில் இதைச் செய்தார்கள். நெட்வொர்க் கட்டணம் தாங்கவில்லை என்று சொல்லி நேரலை வீடியோ தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டை விட்டே வெளியேறியது. பெரிய நிறுவனங்கள் எப்படியும் பணம் கட்டிவிடும். என்னைப் போன்ற டியூஷன் டீச்சர்கள் வகுப்பு நடத்தும் சின்னத் தளங்களால் முடியாது. இது இங்கே வரக்கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

சரி, புதிதாக ஃபைபர் எடுக்கப்போகிறவர்களுக்கு. "அன்லிமிடெட்" என்ற வார்த்தையை நம்பாமல் எஃப்யூபி, அதாவது முழு வேகத்தில் தரும் மாத டேட்டா வரம்பு, எவ்வளவு, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். பல பிளான்களில் 3,300 ஜிபி என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு வீட்டுக்கு அது தாராளம்தான், ஆனால் தெரிந்து வாங்குங்கள். வளைகுடாவில் இருந்துகொண்டு பூட்டிய வீட்டின் கேமரா பதிவுக் கருவியான டிவிஆரை நேரடியாகப் பார்க்க நினைப்பவர்கள் பொது ஐபி (வெளியிலிருந்து உங்கள் வீட்டை மட்டும் குறிக்கும் இணைய முகவரி) தருவார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். பல வீடுகளை ஒரே ஐபியில் அடைத்துவிடுவதால் பழைய டிவிஆர்கள் வெளியிலிருந்து கிடைக்காது. ஸ்பீடு டெஸ்ட்டில் சர்வரைத் தானாக விடாமல் மும்பை, சிங்கப்பூர் என்று நீங்களே தேர்ந்தெடுத்து, காலையில் ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை பாருங்கள். பக்கத்து வீட்டில் அதே கம்பெனி இணைப்பு இருந்தால் கனெக்‌ஷன் எடுக்கும் முன்பே அங்கே போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பார்கள். முதலில் மாதப் பிளானில் எடுத்து, பள்ளி விடுமுறை வரும் ஒரு மாதத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் பக்கம் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருக்கிற மே மாதத்தில்தான் அந்த வெளிக்குழாயின் உண்மையான அளவு தெரிகிறது.