பழைய ரேடியோவுக்கு ‘ஒரிஜினல்’ பவர் சாக்கெட் என்று வாங்கி ஏமாந்தேன்: மாட்டுவதற்கு முன் படியுங்கள்

பவர் கார்டு இல்லாமல் பழைய வால்வு ரேடியோ வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போனது பணம் மட்டும்தான். உயிரே போயிருக்கலாம், மிகைப்படுத்தவில்லை.

என்னிடம் இருப்பது 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் செய்த ஒரு கம்யூனிகேஷன்ஸ் ரிசீவர். சிற்றலை கேட்க இன்றைக்கும் அருமையான செட். இப்படிப்பட்ட செட்டுகள் கைமாறும்போது முதலில் தொலைவது பவர் கார்டுதான். என் செட்டும் கார்டு இல்லாமல்தான் வந்தது. பின்பக்கம் கார்டு மாட்டும் வாய், அதாவது இன்லெட், பேக்கலைட் என்ற பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வட்டமாக இருக்கும், உள்ளே மூன்று பின்கள். கம்ப்யூட்டருக்குப் போடுகிற கார்டு இதில் நுழையாது. கம்ப்யூட்டரில் இருக்கிற மூன்று பின் இன்லெட் ஐஇசி 320 என்ற பொதுத் தரத்தில் வந்ததே 1970இல்தான். அதற்கு முன் ஆளுக்கொரு வடிவம். பிரிட்டிஷ் செட்டுகளில் பல்ஜின் மாதிரி வட்ட சாக்கெட்டுகள், அமெரிக்க செட்டுகளில் பின்மூடியோடு சேர்ந்த இரண்டு பின் இன்லெட் அல்லது தட்டையான பிளேடு கொண்ட சிஞ்ச்-ஜோன்ஸ், ஆர்-390ஏ போன்ற ராணுவ செட்டுக்குத் தனி ரகம். இவற்றில் பல இப்போது தயாரிப்பிலேயே இல்லை. ஏமாற்றுகிறவர்கள் நுழைவது இந்த இடத்தில்தான்.

சில மாதங்கள் தேடிய பிறகு என் இன்லெட்டில் மாட்டுகிற, கார்டின் முனையில் வரும் சாக்கெட் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் கிடைத்தது. ‘பயன்படுத்தாத பழைய ஸ்டாக், ஒரிஜினல்’ என்று போட்டிருந்தார். படத்தில் இருந்தது அசல் பொருள்தான். அச்சில் வார்த்த எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது. அதிக விலைதான், ஆனால் கேள்வி கேட்காமல் வாங்கினேன். அத்தனை மாதம் தேடி அலைந்தவனுக்குப் பொருள் கண்ணில் பட்டதே பெரிதாக இருந்தது.

வந்த பொருள் கையில் எடுத்தபோது கொஞ்சம் லேசாக இருந்தது. கறுப்புப் பூச்சு. இன்லெட்டில் சரியாகப் பொருந்தியது. மூன்று வயரையும் சாக்கெட்டில் எழுதியிருந்த குறிப்புப்படி இணைத்து, செட்டை ஆன் செய்தேன். வால்வுகள் சூடேறி ஸ்டேஷன் வந்தது. டயலைத் திருப்பும்போது கேபினெட்டில் புறங்கை பட்டது. சுர்ரென்று ஒரு சிறு அதிர்வு. பழைய செட், ஏதோ ஸ்டாட்டிக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் ஒன்றரை மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏரியலை மாற்றப் பின்பக்கம் கை விட்டபோது பவர் சாக்கெட் சாய்ந்திருந்தது. தொட்டால் மெழுகு மாதிரி நெகிழ்ந்தது. சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கி, ஆறியதும் சாக்கெட்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன்.

பேக்கலைட்டே இல்லை. த்ரீ-டி பிரிண்டரில் அடித்த பிளாஸ்டிக், மேலே கறுப்புப் பெயின்ட். வெட்டிய பக்கத்தில் அடுக்கடுக்கான கோடுகள் அப்படியே தெரிந்தன. இந்த பிரிண்டர்களில் சர்வசாதாரணமாகப் போடுகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபயர் வால்வும் பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு அந்தச் சூடு பெரிய விஷயமே இல்லை. நிஜ பேக்கலைட் ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டில் இளகாது. அந்தக் காலத்தில் இதை அதில் செய்ததற்கே காரணம் அதுதான்.

அதைவிட மோசமானது உள்ளே இருந்தது. எர்த் பக்கம் ஸ்க்ரூ இருந்தது, ஆனால் அது எந்தக் காண்டாக்டையும் தொடவில்லை. மீட்டரில் சுத்தமாக ஓபன், அதாவது இணைப்பே இல்லை. கூடவே ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. முன்பக்கமிருந்து பார்க்கிற வரைபடத்தைப் பின்பக்கத்துக்கு அப்படியே போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். என் செட்டில் இரைச்சலை வடிகட்ட, இரண்டு மெயின்ஸ் வயரிலிருந்தும் சேசிஸுக்கு (செட்டின் உலோகச் சட்டத்துக்கு) 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று இருக்கிறது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக சுமார் 0.7 மில்லியாம்ப் கசியும். எர்த் இருந்தால் அது எர்த்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தொடுகிறவர் வழியாகப் போகும். எனக்கு சுர்ரென்றது அதுதான். வயதான பேப்பர் கெப்பாசிட்டர் என்றால் கசிவு இன்னும் கூடும். அப்புறம், செட்டின் ஸ்விட்சும் ஃப்யூஸும் ஃபேஸ் வயரில் மட்டும் இருக்கின்றன. வயர் மாறியதால் இரண்டும் நியூட்ரலுக்குப் போய்விட்டன. ஸ்விட்சை ஆஃப் செய்த பிறகும் டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் ஃபேஸ் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. அந்தச் சுருளின் இன்சுலேஷன் ஒருநாள் சேசிஸில் பட்டிருந்தால் ஃப்யூஸ் போயிருக்காது, கேபினெட் முழுக்க 230 வோல்ட் ஏறியிருக்கும். அறுபது வருட டிரான்ஸ்ஃபார்மரில் அது நடக்காத விஷயம் இல்லை.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதில், “உங்கள் செட்டில்தான் கோளாறு.” எர்த் ஓபனாக இருப்பதை மீட்டரோடு படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, “நீங்கள் அறுத்துவிட்டீர்கள், அறுத்த பொருளைத் திரும்ப எடுக்க முடியாது.” ஒரிஜினல் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, “ஒரிஜினல் வடிவம் என்ற பொருளில் சொன்னோம்.” அதற்குப் பிறகு பதிலே இல்லை. அதே அசல் படத்தோடு அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் போனதைவிட இதுதான் என்னை உறுத்துகிறது. நகல் செய்து விற்பதைக் குறை சொல்லவில்லை. கிடைக்காத பொருளுக்கு நல்ல நகல் வந்தால் நானே வரவேற்பேன். நகல் என்று சொல்லி, சூடு தாங்கும் பொருளில் செய்து, எர்த்தை இணைத்து விற்க வேண்டும்.

வாங்கும் முன், உங்களுக்கு அனுப்பப்போகிற அந்தப் பொருளையே, உங்கள் பெயர் எழுதிய துண்டுச் சீட்டோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டிக்கழித்தால் விட்டுவிடுங்கள். வந்ததும் ஓரத்தில் விரலை வைத்துச் சூடேறும்வரை அழுத்தித் தேயுங்கள். பேக்கலைட் என்றால் கார்பாலிக் வாடை லேசாக வரும். காண்டாக்டில் காந்தம் வைத்துப் பாருங்கள். நிக்கல் பூசிய பித்தளை என்றால் இழுப்பு மிக லேசாக இருக்கும். கப்பென்று ஒட்டினால் உள்ளே இரும்பு. சந்தேகம் தீராவிட்டால் ஓரத்தில் சுரண்டுங்கள், மஞ்சளாகத் தெரிய வேண்டும். கடைசியாக, கார்டை சுவரில் செருகாமல், செட்டில் மட்டும் மாட்டிவிட்டு, பிளக்கின் எர்த் பின்னிலிருந்து செட்டின் சேசிஸ் வரை மீட்டர் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஃபேஸ் பின், செட்டின் உள்ளே ஃப்யூஸுக்குப் போகிறதா என்பதையும் பாருங்கள். வயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய பிரிட்டிஷ் செட்டில் கறுப்பு என்றால் நியூட்ரல், அமெரிக்க செட்டில் கறுப்பு என்றால் ஃபேஸ்.

பேட்டரி போர்ட்டபிள்காரர்களுக்கும் இதே மாதிரித் தொல்லை உண்டு. 5.5 மில்லிமீட்டர் டிசி பிளக்கில் நடுத்துளை 2.1, 2.5 என்று இரண்டு அளவு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பழைய ஜப்பானிய போர்ட்டபிள் பலவற்றில் நடுமுனை மைனஸ். செட்டின் மேல் போட்டிருக்கும் குறியைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

நான் கடைசியில் செய்தது இது. பழைய இன்லெட்டைக் கழற்றி, எந்த முனையில் எந்த வயர் இருந்தது என்று எழுதிய சீட்டோடு உறையில் போட்டு செட்டின் உள்ளேயே கட்டிவைத்தேன். அந்தத் துளையை மூட ஒரு அலுமினியத் தகடு வெட்டி, அதில் சாதாரண ஐஇசி இன்லெட்டைப் பொருத்தினேன். தகட்டைச் செட்டில் ஏற்கெனவே இருந்த ஸ்க்ரூ துளைகளிலேயே முடுக்கியதால் சேசிஸில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. எர்த் வயரைத் தகட்டில் இல்லாமல் நேரே சேசிஸில், இருந்த துளை ஒன்றிலேயே தனி போல்ட் வைத்து முடுக்கினேன். ஒரிஜினாலிட்டி போய்விட்டது என்று சில நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். அசல் சாக்கெட் கிடைக்கும் நாளில் பத்து நிமிடத்தில் பழையபடி மாற்றிவிடலாம்.

இப்படி ஒரு சாக்கெட்டை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால், இதைப் படித்த கையோடு சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு எர்த்தை மீட்டர் வைத்துப் பாருங்கள். செட்டின் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள்.