எழுபது இருக்கை விமானத்தில் மதுரைக்கு

சென்னையில் இறங்கி மதுரை, கோவை, தூத்துக்குடி என்று போகிறவர்களை நம்பிப் பல சிறு விமான நிறுவனங்கள் வந்தன, போயின. இன்றும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் ஏக்கத்தோடு சொல்லும் பெயர் பாரமவுண்ட் ஏர்வேஸ். 2005இல் கிளம்பியது, 2010இல் நின்றுபோனது.

ஓட்டியது எம்ப்ரேயர் 170, 175 ரக ஜெட்கள். ஒன்றில் 70 இருக்கை, மற்றதில் 75. வரிசைக்கு இரண்டும் இரண்டும்தான், நடு இருக்கை என்ற தொல்லையே கிடையாது. எல்லா இருக்கையும் பிசினஸ் கிளாஸ் என்றே விற்றார்கள்.

கணக்கின் சூட்சுமம் விமானத்தின் அளவில் இருந்தது. 80 இருக்கைக்குக் குறைந்த விமானத்துக்கு அப்போது தரையிறங்கும் கட்டணம் இல்லை. 40,000 கிலோவுக்குக் குறைந்த எடையென்றால் எரிபொருளுக்கு 4 சதவீத விற்பனை வரிதான் என்ற சலுகையும் பிறகு வந்தது. பெரிய விமானங்களுக்குப் பல மாநிலங்களில் அது 20 சதவீதத்துக்கும் மேல் இருந்தது.

சலுகை இருந்தும் ஏன் விழுந்தது? விமானங்கள் லீசுக்கு எடுத்தவை. வாடகை டாலரில், டிக்கெட் ரூபாயில். 2008 தொடக்கத்தில் 40 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர் அடுத்த ஆண்டு 50ஐத் தாண்டியது. நாலைந்து விமானம் மட்டும் வைத்திருக்கிற நிறுவனத்தில் ஒன்று பழுதானால் மாற்று கிடையாது. காலைப் பயணம் ரத்தானால் மாலை வரை எல்லாம் சரியும். கடைசியில் லீஸ் தகராறு, வழக்கு, விமானங்கள் கைவிட்டுப் போயின.

பிறகு வந்த ஏர் பெகாசஸ் (2015–16), கோவையின் ஏர் கார்னிவல் (2016–17) இரண்டும் ஓட்டியது ஏடிஆர் 72 ரகம், விசிறி வைத்த சிறு விமானம். முன்னதும் லீஸ் சிக்கலில்தான் சிக்கியது. வாடகை நின்றால் பதிவை ரத்து செய்யச் சொல்லி விமானத்தின் உரிமையாளர், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவிடம் நேரடியாகக் கேட்கலாம். பதிவு போனால் அந்த விமானம் பறக்க முடியாது. பயணிக்குத் தகவல் பெரும்பாலும் கவுண்டரில்தான் தெரியும்.

ஏடிஆரில் இன்னொரு சங்கடம் பெட்டி. தூத்துக்குடி ஓடுபாதை அப்போது சுமார் 1,350 மீட்டர்தான். உச்சிவெயிலில் காற்று இலேசாகி இறக்கையின் தூக்குவிசை குறையும், ஓடவேண்டிய தூரம் கூடும். அதனால் எடையைக் குறைத்துத்தான் கிளம்ப முடியும். முதலில் கீழே இறங்குவது பெட்டிகள்தான். இருக்கைக்கு மேலே உள்ள பெட்டி அறையிலும் வெளிநாட்டு அளவு டிராலி நுழையாது.

இப்போது சிறு நிறுவனத்தில் போகிறவர்களுக்கு: முடிந்தால் வெளிநாட்டுப் பயணத்தையும் உள்ளூர்ப் பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போச்சு. 23 கிலோ பெட்டி இரண்டோடு வந்து, உள்ளூரில் 15 கிலோதான் என்று நிற்க வேண்டியிருக்கும். ஒரே டிக்கெட்டானாலும் சென்னையில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டும். இடையில் நாலு மணி நேரமாவது வையுங்கள்.

பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். நிறுவனமே மூடிவிட்டால் ரீஃபண்ட் கேட்க அலுவலகமே இருக்காது. சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஊரிலிருந்து திரும்பும்வரை தள்ளிப்போடாதீர்கள். ரத்து என்று வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். வங்கி அதைக் கேட்கக்கூடும்.