பேரி மரத்தில் அடியிலை பழுக்கிறதா? எப்சம் உப்பும் டோலமைட்டும் ஓர் ஒப்பீடு

கொடைக்கானல் மலையில் வில்பட்டி, பள்ளங்கி, பிரகாசபுரம் பக்கம் மே, ஜூன் மாதங்களில் பேரி மரங்களைப் பார்த்தால் ஒரு காட்சி கண்ணில் படும். நுனியில் கொழுந்து பச்சையாக இருக்கும். அதே கிளையின் அடியில், காய்க்குப் பக்கத்தில் இருக்கும் இலைகள் மட்டும் நரம்புகளுக்கு நடுவே வெளுத்து, பிறகு பழுப்பாகி, காய் முற்றும் முன்பே உதிரும். காய் அதிகம் பிடித்த மரம்தான் முதலில் இப்படி ஆகும். இதைப் பார்த்தவுடன் ஒருவர் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) தெளிக்கச் சொல்வார், இன்னொருவர் டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) போடச் சொல்வார், மூன்றாமவர் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கையில் கொடுப்பார். மூன்றும் மலிவான சரக்குதான். ஆனால் தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் போவது ஒரு பருவம். அதனால்தான் இதை நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் நோய் என்னவென்று பார்த்துவிடலாம். இலை எந்த இடத்தில் பழுக்கிறது என்பதே பாதி விடை. மெக்னீசியம் செடிக்குள் நகரக்கூடிய சத்து. தட்டுப்பாடு வந்தால் மரம் பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கும் காய்க்கும் அனுப்பிவிடும். எனவே அடியிலைதான் அடி வாங்கும். இரும்புச்சத்து அப்படி நகராது. அது குறைந்தால் கொழுந்து வெளுக்கும், பழைய இலை பச்சையாகவே நிற்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவும் அடியிலையில்தான் தொடங்கும், ஆனால் அப்போது நரம்போடு சேர்த்து இலை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. சத்துக் குறைவு நடு நரம்பின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். பேரியில் மெக்னீசியம் குறைந்தால் நடு நரம்பை ஒட்டிக் கரும்பழுப்புத் திட்டுகள் விழும், இலையின் ஓரம் மட்டும் பச்சையாக மிஞ்சும். பூஞ்சைப் புள்ளிக்கு அந்த ஒழுங்கு கிடையாது, இங்கொன்றும் அங்கொன்றுமாக வட்ட வட்டமாக இருக்கும். இலையைத் திருப்பி அடிப்பக்கமும் பாருங்கள், சிலந்திப்பேன் இருந்தால் அங்கேதான் தெரியும். மரம் முழுவதுமே களையிழந்து நின்றால் வேர்ப்பகுதியைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி வேர் கறுத்திருந்தால் எந்த உப்பும் உதவாது, வடிகால்தான் வெட்ட வேண்டும்.

அன்னபேதியை இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியிலும் ஸ்பெயினின் எப்ரோ பள்ளத்தாக்கிலும் பேரி இலை மஞ்சளானால் முதலில் சந்தேகிப்பது இரும்பைத்தான். அங்கே பல தோட்டங்களில் மண் சுண்ணாம்பு மண். அதோடு சீமை மாதுளை (குவின்ஸ்) வேர்ச்செடியில் பேரியை ஒட்டுக்கட்டுவார்கள், அந்த வேருக்குச் சுண்ணாம்பு மண்ணில் இரும்பை எடுக்கும் திறமை குறைவு. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் கதை நேர் எதிர். மழை கழுவிக் கழுவி மண் புளித்துப் போயிருக்கிறது, புளிப்பை அளக்கும் பி.எச். எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பொதுவாக 5-ஐ ஒட்டியே இருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு தாராளமாகக் கரையும். கழுவிக்கொண்டு போனது மெக்னீசியமும் கால்சியமும்தான். வெளிநாட்டுத் தோட்டத்துக்குச் சொன்ன வைத்தியத்தை இங்கே அப்படியே செய்வதில் அர்த்தமில்லை.

இனி எப்சம் உப்பு. இதன் பலம் வேகம். 100 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ கரைத்துத் தெளித்தால் இலை நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். 2 சதவீதத்துக்கு மேல் போனால் இலை கருகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீதம் மூன்று தெளிப்பாவது வேண்டும். ஏற்கெனவே பழுப்பான இலை திரும்பப் பச்சையாகாது, அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். மிச்சமிருக்கும் இலையைக் காப்பதுதான் வேலை. இலை நின்றால் காய் பருக்கும்.

பலவீனம் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மரத்துக்கு 10 லிட்டர் கரைசல் என்றால் அதில் 150 கிராம் உப்பு. எப்சம் உப்பில் மெக்னீசியம் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, ஆக ஒரு தெளிப்புக்கு 15 கிராம். மூன்று தெளிப்பும் சேர்த்து 45 கிராம், அதிலும் கொஞ்சம் வழிந்து தரையில் போகும். மலையில் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் காலையில் தெளித்ததில் பெரும்பகுதி கழுவிப் போய்விடும், ஏனென்றால் இது அவ்வளவு எளிதில் கரையும் உப்பு. மண்ணின் புளிப்பை இது துளியும் மாற்றாது. அப்புறம், போர்டோ கலவையோடு (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) ஒரே டேங்கில் கலக்காதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வீணாகும்.

டோலமைட் மெதுவானது. இந்த வருடக் காய்க்கு இதை நம்ப முடியாது. பொடி எவ்வளவு மென்மையோ அவ்வளவு சீக்கிரம் கரையும் என்றாலும், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை பொறுக்க வேண்டும். ஆனால் அளவைப் பாருங்கள். வளர்ந்த மரம் ஒன்றுக்கு 2 கிலோ போடுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல டோலமைட்டில் மெக்னீசியம் 12 சதவீதம் அளவுக்கு இருக்கும், அதாவது 240 கிராம். கூடவே கால்சியமும் வருகிறது, புளிப்பும் குறைகிறது. புளிப்புக் குறைந்தால் நாம் போடும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மண்ணில் கட்டிப்போகாமல் வேருக்குக் கிடைக்கும். இந்தக் கூடுதல் பலன்களை எப்சம் உப்பு தரவே முடியாது.

இதிலும் பிழை செய்ய இடமுண்டு. சாதாரண விவசாயச் சுண்ணாம்பை டோலமைட் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. அதில் இருப்பது கால்சியம் மட்டும், மெக்னீசியத் தட்டுப்பாடு இன்னும் கூடும். மூட்டையில் மெக்னீசியம் எத்தனை சதவீதம் என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும், இரண்டு மூன்று வார இடைவெளி வேண்டும். அடிமரத்தில் குவிக்காமல் கிளை விரிந்த நிழல் வட்டத்துக்குள் பரப்பி, வேரை வெட்டாமல் லேசாகக் கிளறிவிடுங்கள். அளவு மீறினால் பி.எச். ஏறிக் கொழுந்து வெளுக்க ஆரம்பிக்கும். அடியிலை நோயைத் தீர்க்கப் போய் இரும்பு, மாங்கனீசுத் தட்டுப்பாட்டை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

அதனால் மண் பரிசோதனை அவசியம். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசு தரும் மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கும், ஆனால் மெக்னீசியம் அவற்றில் ஒன்றல்ல. பி.எச்.சும் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) அதில் தெரியும், மெக்னீசியத்தைத் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். சாம்பல்சத்து எண்ணையும் கவனியுங்கள். பேரிக்கு நடுவே உருளைக்கிழங்கு போட்டு வருடா வருடம் பொட்டாஷைக் கொட்டிய நிலத்தில், வேர் மெக்னீசியத்தை எடுப்பதைப் பொட்டாஷே தடுக்கும். அங்கே பொட்டாஷைக் குறைப்பதுதான் முதல் மருந்து, செலவும் இல்லை.

என் தேர்வைக் கேட்டால், பி.எச். 5.5-க்குக் கீழே இருக்கும் தோட்டத்தில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டோலமைட்டைத்தான் வாங்குவேன், அறுவடை முடிந்ததும் போடுவேன். மரத்தில் காய் நிறைய இருந்து இலை இப்போதே கொட்டுகிறதா? அந்த மரங்களுக்கு மட்டும் இந்தப் பருவத்துக்கு எப்சம் உப்பு தெளிப்பேன், தோட்டம் முழுக்க அல்ல. பி.எச். 6-க்கு மேலே இருந்தால் டோலமைட் வேண்டாம், எப்சம் உப்பையே தெளிப்பாகவும் மண்ணிலும் கொடுக்கலாம்.

தெளிக்கும்போது ஒரே ஒரு மரத்தைத் தெளிக்காமல் விட்டு, அதில் நாடா கட்டி வையுங்கள். ஆறு வாரம் கழித்து இரண்டு மரத்திலும் ஒரே உயரத்துக் கிளையில் எத்தனை இலை நிற்கிறது என்று எண்ணுங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் குறை மெக்னீசியத்தில் இல்லை, மறுபடி வேரிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்.